எலும்புத் துண்டுகளுக்கும் சேலத்தில் ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாடு தொல்லியல் துறையினருக்கும் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

கீழடியில் கிடைத்த எலும்புகளில் 70 மாதிரிகள் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு காட்டுப்பன்றியும் மயிலும் அவற்றில் இனங்காணப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அத்தகைய ஆய்வுக்கு உதவும் ஒப்பீட்டு எலும்புக்கூடம் (இக்கால விலங்குகளின் எலும்புக்கூடுகளைச் சேர்த்துவைக்கும் இடம்) ஒன்று எங்கள் மாவட்டத்தில் அமைய வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

ஒரு துண்டு எந்த விலங்கினுடையது என்பதைப் படங்களை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. இனமும் வயதும் குறித்து வைத்த இக்கால எலும்புக்கூட்டோடு ஒப்பிட்டாக வேண்டும். வெள்ளாட்டையும் செம்மறியையும் பிரிப்பதுதான் பெரும்பாடு. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பு வெள்ளாட்டில் குட்டையாகவும் அகன்றும், செம்மறியில் மெலிந்து நீண்டும் இருக்கும். ஆனால் அந்த வேறுபாடு இனத்துக்கு இனம் கூடும், குறையும். எனவே இப்பகுதியிலேயே மேய்ந்து வளர்ந்த மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் நமக்கு நல்ல உரைகல்.

கொங்கணாபுரம் சந்தையில் முன்பல்லைப் பார்த்து ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’ என்று வயது சொல்வார்கள். மண்ணில் புதைந்த தாடையில் முன்பற்கள் பெரும்பாலும் உதிர்ந்துபோவதால், ஆய்வாளர் கடைவாய்ப் பற்களின் முளைப்பையும் தேய்மானத்தையும் பார்க்கிறார். காளைக்கன்றுகள் இளமையிலேயே அறுக்கப்பட்டு, வயதான பசுக்களின் எலும்புகள் மிகுந்திருந்தால், அந்த ஊரார் பாலுக்காக மாடு வளர்த்திருக்கலாம் என ஊகிக்க முடியும். பாத எலும்புகள் விரிந்து தடித்திருந்தால் ஏரிலோ வண்டியிலோ பூட்டியிருக்கலாம். கறியை அரிந்த கத்தியின் கீறலும் தீயில் கருகிய தடமும் அவர்களுடைய அடுப்படி வரை நம்மை அழைத்துச் செல்லும். மேட்டூர் அருகே தெலுங்கனூரில் கிடைத்த பழங்கால இரும்பு வாளைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அதை ஏந்தியவர் வீட்டில் என்ன வெந்தது என்பதை எலும்புதான் சொல்லும்.

ஆகவே, நோயின்றி முதுமையில் இறக்கும் நாட்டு ஆடு மாடுகளின் எலும்புக்கூடுகளைக் கல்லூரி பதப்படுத்தி, முழு விவரங்களோடு தொல்லியல் மாணவர்களுக்குத் திறந்து வைக்க வேண்டுகிறேன். சேர்வராயன் மலைக் கோயில்களில் புதிய கற்காலக் கற்கோடரிகளை இன்றும் காணலாம். அவற்றைச் செய்தவர்களின் கால்நடைகளைப் பற்றி அறிவது அத்தனை எளிதன்று, ஏனெனில் பாக்சைட் கலந்த அமில மண்ணில் எலும்பு கரைந்துவிடும். அதனாலேயே, மலையிலோ அடிவாரத்திலோ இனி நடைபெறும் அகழாய்வுகளில் விரல்நகம் அளவுத் துண்டையும் தவறவிடாமல் சலித்தெடுத்து, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்போடு பாதுகாக்கத் தொல்லியல் துறை ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
சேலத்து வரலாற்று ஆர்வலர் ஒருவர்