பந்தை எடுத்துக் கொடுத்தவர்களுக்கு

எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் 7-ஆம் எண் சீருடையைத் துவைத்து, மடித்து, உடற்கல்வித் துறையில் ஒப்படைத்துவிட்டேன். கல்லூரிக்காக நான் ஆடிய மூன்று ஆண்டுகள் அதோடு முடிந்தன.

நான் பாயின்ட் கார்டு. பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுபோய், யார் கையில் சேர்த்தால் கூடையில் விழும் என்று பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஸ்கோர் ஷீட்டில் புள்ளி எடுத்தவரின் எண் இருக்கும், ஃபவுல் செய்தவரின் எண் இருக்கும். பந்தைக் கொடுத்தவருக்கு அதில் கட்டம் கிடையாது. எனக்கு அதில் ஒருநாளும் குறை இருந்ததில்லை. ஆனால் எனக்குக் கொடுத்தவர்களின் கணக்கு எங்கேயும் எழுதப்படாமல் போவதை மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பயிற்சி ஆட்டம். ஓடிவந்து எம்பி, கூடைக்கு அருகிலிருந்து பந்தைப் போடும் லே-அப் போட்டுவிட்டு இறங்கினேன். யாரும் என்னை இடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. இடது முட்டிக்குள் ‘டப்’ என்றது. முட்டியை நிலையாகப் பிடித்து வைத்திருக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து முட்டிக்குள் பொருத்தினார்கள். ஒன்பது மாதம் ஆடக்கூடாது என்றார்கள். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, “நசுக்கு, பத்து எண்ணு” என்று என்னோடு சேர்ந்து எண்ணிய பிசியோ அக்கா, அந்தத் துண்டை நான் முதல்முறை நசுக்கியபோது உங்கள் கண்ணும் கலங்கியதைப் பார்த்தேன்.

அந்த ஒன்பது மாதமும் என் இடத்தில் ஆடியவள் அப்போது முதலாம் ஆண்டு மாணவி. தங்கையே, உன்னிடம் ஒன்றை இப்போதாவது சொல்லிவிட வேண்டும். ஊன்றுகோலோடு நான் மைதானத்துக்கு வந்த முதல் நாள், உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நீ அதைக் கவனித்திருப்பாய். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து வளையத்துக்கு எதிரே போட்டாய். “கால்தானே அக்கா, கை இருக்கிறதே” என்று உட்கார வைத்தாய். உட்கார்ந்தபடி எறிந்த பந்து வலையின் நுனியைக்கூட எட்டவில்லை. உருண்டு ஓடிய ஒவ்வொன்றையும் துரத்திப் பிடித்து, நேராக என் மார்புக்கு, தையல் வரிகள் விரலுக்குக் குறுக்கே வரும்படி திருப்பிக் கொடுத்தாய். நாளுக்கு நூறு பந்து. பல மாதம். நான் தேறி வந்தால் பறிபோவது உன் இடம் என்று உனக்குத் தெரியாதா? வந்தேன். அந்த ஓர் இடத்துக்கு இருவரும் விட்டுக்கொடுக்காமல் மோதினோம். மோதிய மறுநாளும் நீ பந்து எடுத்துக் கொடுக்க வந்து நின்றாய். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். என் கடைசி ஆட்டத்தில் ஐந்தாவது ஃபவுலோடு நான் வெளியேற, உள்ளே போனவள் நீதான். தோற்றோம். ஆனாலும் நீ ஆடிய அந்த நான்கு நிமிடம் முழுவதும் நான் பெஞ்சில் உட்காரவில்லை.

விடுதி மெஸ் அக்காவுக்கு: நாங்கள் பயிற்சி முடித்து வரும்போது மெஸ் பூட்டியிருக்கும். ஆனால் அடுப்படி ஜன்னல் திண்டில் தட்டால் மூடி இரண்டு அவித்த முட்டை இருக்கும். ஒருநாளும் அது தவறியதில்லை. கட்டுப்போட்ட காலோடு நான் கிடந்த நாட்களில் மூன்று மாடி தண்ணீர் சுமந்த என் அறைத்தோழிக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வாள். எழுதிவிட்டேன்.

பெரியகுளத்தில் பிறந்த பிள்ளைக்குக் கூடைப்பந்தை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மே மாதம் வந்தால் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அகில இந்தியப் போட்டி. இரவில் மின்னொளி ஆட்டம். இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., கேரள மின்வாரியம், ராணுவ அணி என்று எல்லோரும் நம் ஊர் தேடி வருவார்கள். மாம்பழக் காலமும் அதே மாதம்தான். அப்பா, பகலெல்லாம் மண்டியில் பெட்டி தூக்கிவிட்டு, இரவில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். மாங்காய்ப் பால் பட்டுப் புண்ணான கைகளால் நீங்கள் தட்டிய கைதட்டல்தான் இந்த ஆட்டத்தைப் பற்றிய என் முதல் நினைவு.

பெண்பிள்ளை அரைக்கால் சட்டையோடு ஊரார் முன்னால் ஓடுவதா என்று கேட்ட உறவினர்களுக்கு அம்மா வாயால் பதில் சொன்னதில்லை. 2021-இல் சென்னையின் அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, நாளிதழில் வந்த படத்தை வெட்டி, ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பீரோவில் வைத்தாள். தொடர்ந்து ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப்களில் இந்தியாவுக்காக ஆடியவர் அவர். வீட்டுக்கு வந்து பேச்செடுத்தவர்கள் முன்னால் அந்தப் படத்தை எடுத்து வைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுவாள்.

சிமெண்ட் தளம் தின்ற ஷூவின் அடிப்பாகத்தை எத்தனையோ முறை தைத்துக் கொடுத்து, காசை நீட்டினால் “ஜெயித்துவிட்டு வந்து கொடு” என்ற பஸ் நிலையத்துத் தாத்தா, நான் ஜெயித்தும் வாங்கவில்லையே நீங்கள்.

டீச்சர், உங்களைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் இந்த ஆண்டு சேருகிறேன். 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய, நீங்கள் படித்த அதே கல்லூரி. ஆறாம் வகுப்பில் என் கையில் பந்து நிற்காதபோது, பள்ளிச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் எறியச் சொன்னீர்கள். மழை பெய்து அழியும். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நான் வரும்போது புதிய வட்டம் இருக்கும், கொஞ்சம் சிறிதாக. பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அது ஒரு தட்டளவுக்கு வந்துவிட்டது. நான் கொடுத்த எந்தப் பந்தையும் அந்தச் சுவரைப் பார்க்காமல் கொடுத்ததில்லை.

வரும் ஞாயிறு ஊருக்கு வருகிறேன். புதிதாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். சுண்ணக்கட்டி நான் வாங்கிவருகிறேன் டீச்சர். வட்டத்தைக் கொஞ்சம் கீழே போடுவோம்.

அன்புடன்,
உங்கள் 7-ஆம் எண்