எலிக்குக் கிடைத்த பலன்

ஆசிரியருக்கு,

குடல் பாக்டீரியாவுக்கும் சர்க்கரை நோயாளிகளின் பார்வைக்கும் தொடர்பு என்ற செய்தி வந்தாலும் வந்தது, விழித்திரையைப் படம் எடுக்க என் முன்னால் உட்காருகிறவர்கள், முகவாயைக் கருவியில் வைக்கும் முன்பே, "நல்ல பாக்டீரியாவுக்கு எந்த மாத்திரை?" என்று கேட்கிறார்கள்.

தொடர்பு கட்டுக்கதை அல்ல. குடல் சுவரின் தடுப்பு தளர்ந்தால் பாக்டீரியாவின் நச்சுக் கூறுகள் இரத்தத்தில் கலந்து அழற்சியைத் தூண்டும். விழித்திரையின் நுண்குழாய்களும் அதற்குத் தப்பாது. 2018-இல் 'டயாபடீஸ்' ஆய்விதழில் வந்த ஆய்வில், இடைவெளி விட்டு உணவு கொடுத்த சர்க்கரை நோய் எலிகளுக்குக் குடல் நுண்ணுயிர்கள் மாறின. இரத்தத்தின் சராசரிச் சர்க்கரை அளவு குறையாமலேயே விழித்திரைப் பாதிப்பு குறைந்தது. வியப்புதான். ஆனால் எலிகள், ஐயா! இன்சுலின் போடுகிறவர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயமாகச் சரிந்துவிடும்.

எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தவரின் படத்திலேயே, சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்ததற்கு அடையாளமான சிவப்புப் புள்ளிகளையும் மஞ்சள் படிவுகளையும் பார்க்கிறேன். வலியும் இல்லை, மங்கலும் இல்லை. இவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போட்டதற்குச் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "கண் நன்றாகத்தானே தெரிகிறது!" இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால் கண்டறிந்தவுடனும், முதல் வகையென்றால் ஐந்தாண்டுக்குள்ளும் விழித்திரையைக் காட்ட வேண்டும்.

இத்தகைய செய்திகளில் இந்த விவரத்தையும் சேர்த்து, 'எலி' என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
விழித்திரைப் படமெடுக்கும் பணியாளர் ஒருவர்