தோட்டக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

அவையோருக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா ஏறக்குறைய வசூலாகிவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கலுக்கு வெண்டையும் கத்தரியும் நம் பாத்திகளிலிருந்தே வந்தன.

அதிகம் பேசப்பட்டது சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குச் சென்ற பயணம்தான். 2002-இல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். கண்டல் (அலையாத்தி) மரங்களுக்கு நடுவே நடந்தபோது, நாகப்பட்டினத்து உறுப்பினர் ஒருவர், "எங்க ஊர் உமரிச் செடியும் இப்படிச் சேத்துலதான் நிக்கும், ஆனா முழங்கால் உயரம் தாண்டாது. கொஞ்சம் யூரியா போட்டா என்ன?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அடுத்த கூட்டம் முழுக்க அந்தக் கேள்விக்கே போனது.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. உவர்ச் சதுப்பில் பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது தழைச்சத்துதான் (நைட்ரஜன்). வேர் அம்மோனிய வடிவிலுள்ள தழைச்சத்தை இழுக்கப் பார்த்தால் உப்பிலுள்ள சோடியம் குறுக்கே நிற்கிறது. உப்பைத் தாங்கச் செடி புரோலின் போன்ற பொருள்களைத் தயாரிக்கிறது. அதற்கும் தழைச்சத்துதான் செலவு. போதாததற்கு, காற்றில்லாத சேற்றில் உருவாகும் சல்பைடு வேரையே முடக்கிவிடும்.

சரி, அப்படியானால் உரம் போட வேண்டியதுதானே? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிளம் தீவுக் கழிமுகத்தில் அதைச் செய்தே பார்த்தார்கள். செடி வளரும் பருவங்களில் ஏறும் ஓதத்தோடு (கடலேற்றத்தோடு) தழைச்சத்தை நைட்ரேட்டாகக் கலந்துவிட்டார்கள், ஒன்பது ஆண்டுகள். 2012-இல் முடிவு வெளியானது. மேலே புல் செழித்தது. கீழே வேர் குறைந்தது. தேடாமலே சத்து கிடைக்கும்போது செடி எதற்கு வேர்விட்டு மெனக்கெட வேண்டும்? மண்ணிலிருந்த பழைய மட்கும் வேகமாகச் சிதைந்தது. பிடிப்பு போனதும் ஓடைக்கரைகள் விரிசல்விட்டுச் சரிந்தன. உயரத்தை மட்டும் பார்த்து மெச்சும் நம் வழக்கத்துக்கு இது நல்ல குட்டு என்பது என் கருத்து.

எல்லா இடத்திலும் ஒரே குறை என்றும் இல்லை. பெலீஸ் நாட்டுத் தீவுகளில், நீரோரக் கண்டலுக்குத் தழைச்சத்தும், உள்ளே குட்டையாக நிற்பவற்றுக்கு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பற்றாக்குறை என்று கண்டிருக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன? நம் பாத்தியில் கரையும் உரம் வடிகால் வழியே நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோதான் போகும். எனவே ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் பாத்திகளுக்கு உரமிடுவதை நிறுத்தலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. கோழி எரு அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். வாக்கெடுப்பு தேநீருக்கு முன்பே நடக்கும்.