கட்டம் இந்தப் போனில், ஸ்கேன் எந்தப் போனில்?

வடசென்னையில் மாலை வகுப்பும் மருத்துவ உதவியும் நடத்தும் தொண்டு அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடிப் பக்கம் ஒரு மாலை வகுப்புக்குச் சில வருடங்களாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. இணையதளத்தில் உள்ள நன்கொடைப் பக்கத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கும் பேச்சு நம் அமைப்புகள் பலவற்றில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

போன மாதம் தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை நடத்தும் அக்கா ஒருவர், தன் மகன் படித்த வகுப்புக்கு ஐந்நூறு ரூபாய் தர வேண்டும் என்றார். வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திறந்தார். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். முதலில் எங்கள் ஆண்டு விழாப் படம், அது இறங்கவே நேரமானது. தள்ளித் தள்ளிக் கீழே போனால் கியூஆர் கட்டம். "கட்டம் என் போன்லயே இருக்கு. அப்போ எந்தப் போனால தம்பி இத ஸ்கேன் பண்றது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியதே இல்லை. அந்தப் பக்கத்தை நாங்கள் எல்லாரும் லேப்டாப்பில் பார்த்துத்தான் 'நன்றாக இருக்கிறது' என்று தலையாட்டியிருந்தோம்.

சரி, கீழே உள்ள படிவத்தையாவது நிரப்பலாம் என்றால் பெயர், முகவரி, பின்கோடு, பான் எண். கீபோர்டு எழும்பி வந்து 'செலுத்துக' பொத்தானை மறைத்துக்கொண்டது. நடுவில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்க வேறு செயலிக்குப் போய்த் திரும்பினார். படிவம் வெறுமையாக நின்றது. அதற்குள் பார்சலுக்கு ஆள் வந்துவிட்டார். கடைசியில் கல்லாவிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். நான் கையால் ரசீது எழுதிக் கொடுத்தேன்.

இப்படிப் பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியுமா? பக்கத்துக்கு வருபவர்களை எண்ணிச் சொல்லும் கூகுள் அனலிட்டிக்ஸ் அறிக்கை, போனில் வந்தவர், கணினியில் வந்தவர், டேப்லெட்டில் வந்தவர் என்று பிரித்துக் காட்டும். ஆனால் அது வந்தவர்களின் கணக்கு. பணம் செலுத்தி முடித்ததைத் தனி நிகழ்வாகக் குறித்து வைத்தால்தான் கொடுத்தவர்களின் கணக்கு கிடைக்கும். அதிலும் ஒரு கோணல் உண்டு. ஓஎம்ஆர் சாலை ஐடி அலுவலகத்தில் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து, திரையில் தெரியும் கட்டத்தைத் தன் போனால் ஸ்கேன் செய்பவரை அறிக்கை 'கணினி' என்று எழுதும். பணம் போனதோ போன் வழியாக. மூலக்கடை டீக்கடையில் நாம் ஒட்டிய கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தவர் அறிக்கையில் வரவே மாட்டார், வங்கிக் கணக்கில்தான் வருவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அமெரிக்க அறிக்கைகளைக் காட்டுபவர்களும் நம்மில் உண்டு. அங்கே போனில் எட்டிப் பார்ப்பவர்கள் நிறைய, பெரிய தொகை வருவது கணினியிலிருந்து என்பார்கள். இருக்கட்டும். அங்கே பலர் கார்டு எண்ணை இலக்கம் இலக்கமாக அடித்துக் கொடுப்பவர்கள், அதற்குக் கணினிதான் தோது. 2016இல் வந்த நம் யூபிஐ பிறந்ததே போனில்.

மார்ச் மாதம் மட்டும் கதை வேறு. நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிக் கழிவுக்காகக் கடைசி வாரத்தில் ஓடி வருபவர்கள் அலுவலக லேப்டாப்பில் உட்கார்ந்து நெட் பேங்கிங்கில் அனுப்புவார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்காக அந்தப் பெரிய படிவம் இருந்துவிட்டுப் போகட்டும். இட்லிக் கடை அக்காவிடம் எதற்குப் பான் எண்? பெயரும் முகவரியும் வாங்கிக்கொண்டு, 80ஜி ரசீது வேண்டும் என்பவரிடம் மட்டும் மற்றதைக் கேட்டால் போதாதா?

போனில் திறப்பவருக்குக் கட்டத்துக்குப் பதிலாக, தொட்டதும் அவருடைய யூபிஐ செயலியையே திறக்கும் பொத்தானை வையுங்கள். லேப்டாப்பில் கட்டம் இருக்கட்டும். இதைச் செய்ய லட்சக்கணக்கில் செலவாகாது. டிசைன் செய்பவர் அப்படிச் சொன்னால் இன்னொருவரிடமும் விசாரியுங்கள்.

புதுப் பக்கம் தயாரானதும் கூட்ட அறையில் புரொஜெக்டரில் போட்டுக் காட்ட வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு மேல் அந்தக் கடையில் கூட்டம் இருக்காது. அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தன் போனிலேயே திறந்து பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்களில் யார் வருகிறீர்கள்?

இப்படிக்கு,
கணக்கு எழுதும் தன்னார்வலர் ஒருவர்