விடைபெற்ற 'தி பிக் பேங் தியரி'

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

2007 செப்டம்பரில் தொடங்கிய 'தி பிக் பேங் தியரி' நகைச்சுவைத் தொடர், 279 பகுதிகளுடன் 2019 மே 16 அன்று அமெரிக்காவில் நிறைவு பெற்றது. இயற்பியல் ஆய்வாளர்களை நாயகர்களாக்கிய இத்தொடரை, அப்துல் கலாம் பிறந்த இராமேஸ்வரத்திலும் ஆர்வத்துடன் பார்த்து வந்தோம்.

என் மனத்தில் முதலிடம் இரண்டாம் பருவத்தின் கிறிஸ்துமஸ் பகுதிக்கே. எதிர்வீட்டுப் பெண் பென்னி தரும் பரிசின் மதிப்புக்குச் சரிசமமாகத் திருப்பித் தர வேண்டும் என்று பல அளவுகளில் பரிசுக் கூடைகளை வாங்கி ஒளித்து வைத்த இயற்பியலாளர் ஷெல்டன், தாம் போற்றும் 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் லெனார்ட் நிமாய் வாய் துடைத்துக் கையெழுத்திட்ட துணியை அவள் நீட்டியதும், எல்லாக் கூடைகளையும் கொடுத்துப் பார்த்து, அவையும் போதாமல், தொடுவதையே விரும்பாத அவர் அவளைக் கட்டியணைக்கும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்குகிறது. ஸ்டீபன் ஹாக்கிங் தாமே தோன்றிக் கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்ட, ஷெல்டன் மயங்கி விழும் 2012ஆம் ஆண்டுப் பகுதி அதற்கு அடுத்தது. இறுதிப் பகுதியில், நோபல் மேடையில் ஷெல்டன் தம் நண்பர்களை எழுந்து நிற்கச் சொன்னது மிகப் பொருத்தமான முடிவு.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரில் இயங்கும் கடல்மீன் ஆராய்ச்சி மையம் போன்ற ஓரிடத்தைக் களமாக்கி, அறிவியலாளர்களின் அன்றாட வாழ்வைச் சொல்லும் நகைச்சுவைத் தொடரொன்றைத் தமிழ்த் தொலைக்காட்சிகள் தயாரிக்க முன்வர வேண்டும்.

தங்கள் வாசகர்,
இராமேஸ்வரம்.