கொம்பனித்தெருக் கோச்சி

வெள்ளவத்தை,
கொழும்பு,
ஞாயிறு காலை

மச்சான்,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை என்று திட்டாதே. உன் கடிதம் மேசையில் கிடந்து என்னைத் தினமும் முறைத்துக்கொண்டுதான் இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். கண்டக்டர் மாமாவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்துவிட்டது; வாய்க்குத்தான் இன்னும் வைத்தியம் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமையோடு என் சீசன் டிக்கெட் முடிந்தது. பென்சன். 31 வருஷம் வெள்ளவத்தையில் ஏறிக் கொம்பனித்தெருவில் இறங்கியவனுக்கு இனி அங்கே இறங்க வேலையில்லை.

கடைசி நாள் மாலை வேண்டுமென்றே இரண்டு கோச்சியை விட்டுவிட்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிவரக் கண்ணாடி மாடிகள். நடுவில் அந்த வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன ஸ்டேசன் மட்டும் அப்படியே. கரையோர ரயில் பாதை 1877இல் பாணந்துறையைத் தொட்டது, 1895இல் மாத்தறைக்குப் போனது. அங்கிருந்து பெலியத்தைக்குப் போக 2019 ஆகிவிட்டது. அதைப் பார்த்தால் என் பென்சன் பைல் கடுகதி. அப்புறம் மூன்றாவது கோச்சியில் ஏறி, வழக்கம்போல வலப்பக்கம் நின்றேன். கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது சடாரென்று கடல் வருமே, அதற்காக.

நீ என்னை "டேய் அடிமை" என்று கூப்பிட்ட பகிடியும் செத்துப்போச்சு, தெரியுமா? கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் இருந்த ‘ஸ்லேவ் ஐலண்ட்’ (அடிமைத் தீவு) என்ற பெயர் வேண்டாம், சிங்களத்தில் போல ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே எழுதுங்கள் என்று 2022 கடைசியில் அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்களுக்கு மாற்ற ஒன்றுமில்லை, தமிழில் அது என்றைக்கும் கொம்பனித்தெருதான். முதலில் நானும் சரி என்றுதான் நினைத்தேன். இப்போது மனம் ஒப்பவில்லை. ஒல்லாந்தரின் கொம்பனி ஆண்ட காலத்தில் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. தப்பி ஓடாமலிருக்க பேரை வாவியில் முதலை விட்டார்களாம். அந்தச் சனங்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்கூட இல்லை என்றே நினைக்கிறேன். மிஞ்சியிருந்தது அந்த அவமானப் பெயர் ஒன்றுதான். அதை எடுத்தாயிற்று. கொம்பனி மட்டும் மூன்று மொழியிலும் நிற்கிறது! வீட்டில் சொன்னேன். "பென்சன் எடுத்து இரண்டு நாளாகவில்லை, அதற்குள் தொடங்கிவிட்டீர்களா" என்று மனுசி எழுந்து போய்விட்டாள். வேறு யாரிடம் சொல்ல?

மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், விவரம் பிறகு.

இனி என்னை என்னவென்று கூப்பிடப்போகிறாய் என்று யோசித்து எழுது. ‘கொம்பனிக்காரன்’ என்றாயோ, இன்னும் ஆறு மாதம் பதில் வராது.

உன்,
பழைய அடிமை