மயக்கம் தூக்கமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பொது மயக்கம் கொடுத்தால் நோயாளி 'ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுவார்' என்றும், திரையில் தெரியும் எண்ணே மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லிவிடும் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் தவறு.

தூங்குகிறவரை உலுக்கினால் எழுந்துவிடுவார். மயக்கத்தில் இருப்பவர் கத்தி பட்டாலும் எழமாட்டார். தூக்கத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை கனவுநிலையும் ஆழ்நிலையும் மாறி மாறி வரும். மயக்கத்தில் அந்தச் சுழற்சியே கிடையாது.

அதிகம் பயன்படும் புரொபோபால், பால் போல வெள்ளையான மருந்து. உடல்நலமுள்ள பெரியவருக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் போதும். முதியவருக்கு இன்னும் குறைவு. ஊசி ஏறி முக்கால் நிமிடத்துக்குள் பேச்சு குழறும், இமைமயிரைத் தடவினாலும் கண் சிமிட்டாது, மூச்சும் நின்றுபோகலாம். நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மருந்து பலமடங்காக்குகிறது. அப்போது மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் பெரிய, மெதுவான அலைகள் எழும். கூடவே, நெற்றிப் பக்கத்தில் வினாடிக்கு 8 முதல் 12 வரை ஒரே தாளத்தில் ஆல்ஃபா அலை அடிக்கும். மூளையின் நடுவே இருந்து செய்திகளைக் கடத்தும் தலாமஸும் மூளையின் மேலுறையும் அந்தத் தாளத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. மூளை அணைந்துபோவதில்லை. காதில் விழும் ஒலி மூளையின் கேட்கும் பகுதிவரை போய்ச் சேரக்கூடச் செய்யும். அங்கிருந்து மற்றப் பகுதிகளோடு நடக்க வேண்டிய பேச்சுவார்த்தைதான் அறுந்துபோகிறது.

கெட்டமின் என்ற மற்றொரு மயக்க மருந்தின் வழி வேறு. அது வேகமான அலைகளைக் கூட்டும். மூளையலைகளைக் கணித்துத் திரையில் எண்ணாகக் காட்டும் பி.ஐ.எஸ். கருவியில் 40 முதல் 60 வரை இருந்தால் போதிய மயக்கம் என்று கணக்கு. கெட்டமின் கொடுத்தால் நோயாளி நல்ல மயக்கத்தில் இருக்கும்போதே அந்த எண் ஏறும். விழித்திருந்த தன்னார்வலர்களுக்குத் தசைகளை அசையவிடாமல் செய்யும் தசைத்தளர்த்தி மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்விலோ, எண் மயக்க அளவுக்கே இறங்கியது. நெற்றித் தசையின் மின்துடிப்பும் அந்தக் கணக்கில் சேர்வதுதான் காரணம்.

உண்மையான ஆபத்து தசைத்தளர்த்தியில்தான் இருக்கிறது. உணர்வு திரும்பினாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. பிரிட்டன், அயர்லாந்து மயக்கவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட பெரிய தணிக்கையில், இடையில் விழித்ததாகத் தாமாக முன்வந்து சொன்னவர்கள் மொத்தத்தில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர். தசைத்தளர்த்தி கொடுக்கப்பட்டவர்களில் அது 8,200க்கு ஒன்று. கொடுக்கப்படாதவர்களில் 1,35,900க்கு ஒன்று. பொது மயக்கத்தில் நடந்த சிசேரியன்களில் 670க்கு ஒன்று. போர்வைக்கடியில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் இரத்தக்குழாயைவிட்டு நழுவி மருந்து தோலுக்கடியில் தேங்குவதும், வாயு மருந்துக் கலம் காலியாவதும் கவனிக்காமல் விட்டால் இந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

1977இல் டன்ஸ்டால் என்ற மயக்கவியலாளர் ஒரு சோதனை முறையைச் சொன்னார். தசைத்தளர்த்தி கொடுக்கும் முன் ஒரு கையில் பட்டையைக் கட்டி இறுக்கினால், மருந்து அந்தக் கைக்குப் போகாது. பிறகு, 'கேட்கிறதா? என் கையை அழுத்துங்கள்' என்றால் சிலர் அழுத்துகிறார்கள். எழுந்தபின் கேட்டால் பெரும்பாலோருக்கு எதுவும் நினைவில்லை. நினைவில்லை என்பதால் உணர்வே இல்லாமல் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது என்பதை அந்த ஒரு கை காட்டிவிட்டது. என் பார்வையில், இந்தத் துறையின் மிக எளிய, மிக ஆழமான சோதனை இதுதான்.

அதனால் அறுவைக்குப் போகிறவர்கள், தினமும் குடிப்பது, கஞ்சா, தூக்க மாத்திரை, முன்பு எப்போதாவது இடையில் விழித்தது ஆகியவற்றை வீட்டார் எதிரே சொல்லக் கூசினால் மயக்க மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவும் கண்காணிப்பும் அதைப் பொறுத்து மாறும். அறுவை முடிந்ததும் நோயாளியிடம் கேட்க வேண்டியவை மூன்று: மயங்கும் முன் கடைசியாக எது நினைவிருக்கிறது, விழித்ததும் முதலில் எது நினைவிருக்கிறது, இடையில் ஏதாவது நினைவிருக்கிறதா? வார்டுக்கு வந்ததும் ஒருமுறை கேளுங்கள். சில நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். சிலருக்கு அந்த நினைவு வீட்டுக்குப் போன பிறகுதான் மேலே வரும்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர் ஒருவர், மதுரை